மறதியும் கன்னிகாஸ்திரீகளும்

கேள்வி: மூளையில் வியாதி முற்றியிருந்தும், ஆயுள் முழுவதும் புத்தி தெளிவோடு வாழ்வது சாத்தியமா?

பதில்: சாத்தியமே. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற விஞ்ஞானி 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், நோட்ரே டேம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த, 75 வயதைக் கடந்த 678 கன்னிகாஸ்திரீகள், வருஷந்தோறும் ஞாபகப் பரீட்சைக்கு உட்படவும், மரணத்துக்குப் பின் தங்கள் மூளையையே தானமாக அளிக்கவும் மனமுவந்து சம்மதித்தார்கள். கன்னிகாஸ்திரீகளைத் தேர்ந்தது ஏனென்றால், ஒரே விதமான போஜனமும் வாசமும் நியமமும் கொண்ட அவர்களுக்குப் புகையிலையும் இல்லை, புருஷனும் இல்லை. ஆகவே மறதிக்கு அவ்விரண்டின்மீதும் பழி சுமத்த வழியில்லை!

அவர்களுள் 101 வயது வரை வாழ்ந்து, பரீட்சைகளில் நன்றாகவே தேறிவந்த ஒரு சகோதரியின் மூளையைப் பின்னர் சோதித்தபோது, அல்ஸைமர் நோய்க்குரிய படிவுகள் அதில் ஏராளமாக இருந்தன. இன்னொரு விநோதம்: சுமார் 22 வயதில் சபையில் சேருங்கால் அவர்கள் எழுதித்தந்த சுயசரிதைகளில், எவருடைய வாக்கியங்கள் கருத்துச் செறிவு குன்றியிருந்தனவோ, அவர்களையே முதுமையில் அந்நோய் அதிகமாகப் பற்றியது. செறிவு, நோயைத் தடுக்கும் கவசமா, அல்லது திடமான மூளையின் அடையாளம் மட்டுமா என்பது இன்னும் விவாதத்துக்குரியது.

ஆனால் ஒன்று: சிறு பக்கவாதங்களால் மூளையில் சேதமுற்றவர்களிடம் அவ்வியாதி பன்மடங்கு வெளிப்பட்டமையால், தாங்கள் ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது உத்தமம். கருத்துச் செறிவுள்ள கட்டுரைகளும் தாராளமாக எழுதலாம். பிரசுரிக்கும்படி மட்டும் வற்புறுத்தாதீர்கள், ஏனெனில் அது ஆசிரியரின் ரத்த அழுத்தத்தைப் பாதிக்கும்.