முந்திரிக் கிண்ணமும் மேதைகளும்

1970களில் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் வீட்டு விருந்து. சாப்பாட்டுக்கு முன் கொறிக்க முந்திரி வைத்தார். இப்படியே போனால் வயிற்றில் இடமிருக்காது என்று பாதியிலேயே கிண்ணத்தைத் தூக்கிப்போய்ச் சமையலறையில் ஒளித்தார். எல்லோரும் நன்றி சொன்னார்கள். வந்தவர்கள் பொருளாதாரம் படித்தவர்களாயிற்றே, உடனே பட்டிமன்றம்: வாய்ப்பைப் பறித்தால் நஷ்டம் என்பதல்லவா பாடம், பின் ஏன் இந்த நிம்மதி? முறுக்குச் சம்படத்தைப் பரணில் ஏற்றிய எந்தப் பாட்டிக்கும் இந்தச் சந்தேகம் வந்ததில்லை.

பிறகு, இதே சபலத்தை மனத்தில் வைத்து, சக பொருளாதார அறிஞர் பெனார்ட்சியோடு சேர்ந்து ஒரு சேமிப்புத் திட்டம் போட்டார். இன்றைய சம்பளத்தில் கை வைக்காமல், வரப்போகும் சம்பள உயர்வில் பிடித்தம். கையெழுத்து இன்றைய ஆளுடையது, கஷ்டம் நாளைய ஆளுக்கு. பாவம், அவரை யாரும் கேட்கவில்லை.

இத்தகைய ஆய்வுகளுக்காக 2017இல் தேலருக்குப் பொருளாதார நோபல். பரிசுப் பணத்தை எப்படிச் செலவழிப்பீர்கள் என்றதற்கு, முடிந்தவரை அறிவுக்குப் பொருந்தாமல் என்றார்.