கட்டிலும் சக்கர நாற்காலியும்

திருத்தணியில் எங்கள் தெருவில் நின்றாலே முருகன் கோயில் மலை தெரியும். ஆடிக் கிருத்திகை தவறாமல் காவடி எடுத்து 365 படியும் ஏறுவார் பெரியப்பா. ஒரு கோடையில் நுங்கு இறக்கப் பனையேறியவர் தவறி விழுந்தார். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

அன்று அவரைத் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் போட்டார்கள். ஊரே வந்து பார்த்தது. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் குவிந்தன. ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்று அவர் காதுபடவே பேசினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லை. முதுகெல்லாம் புண். அந்தப் புண்தான் அவரைக் கொண்டுபோனது.

இதையெல்லாம் சொல்லித்தர ஓர் இடம் இருக்கிறது. சோளிங்கர் வழியாக பஸ் ஏறினால் வேலூர். அங்கே சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-ல் நடந்த வாகன விபத்தில் அவருக்கும் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. அங்கே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணம்.

இன்று எங்கள் தெருத் தம்பி ஒருவர், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து அதே நிலைக்கு ஆளானவர், அந்த நிலையத்தில் தங்கிப் பழகி வந்திருக்கிறார். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறார். காலையில் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து, தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு செல்போன் ரிப்பேர் கடையைத் திறக்கிறார்.

பழைய நோயாளிகளை வரவழைத்து அங்கே மேளா நடத்துகிறார்கள். தம்பியோடு நானும் போனேன். உடல் பரிசோதனை ஒரு பக்கம், பாட்டும் விளையாட்டும் மறுபக்கம். சக்கர நாற்காலிப் பந்தயத்தில் தங்கள் அப்பாவுக்காகக் குழந்தைகள் போட்ட கூச்சலில் காது அடைத்தது.

நோயாளிகளைத் தொட்டு எழுப்பிய இயேசுவை நம்புகிறவர்களின் பக்தி எனக்கு அங்கேதான் புரிந்தது. துன்பப்படுகிறவன் முன்னால் நின்று உச்சுக்கொட்டுவதோடு அது நிற்கவில்லை. அவன் மறுபடி சிரிக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் செய்கிறது. மதமும் கேட்பதில்லை. விபூதி நெற்றியோடு போன தம்பி விபூதி நெற்றியோடுதான் திரும்பினார்.

பெரியப்பாமேல் ஊருக்கு அன்பு குறையவில்லை. அந்த அன்புக்கு வழிதான் தெரியவில்லை. இன்றும் கிராமங்களில் இப்படிக் கட்டிலோடு கிடப்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் பழம் வாங்கிப் போகட்டும். கூடவே, அவர்களை மறுவாழ்வு சிகிச்சைக்கு அழைத்துப்போக ஒரு வண்டிக்கும் ஏற்பாடு செய்யட்டும்.