வருஷாவருஷம் சாகும் அப்பா

பிள்ளை வளர்ப்புக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரைப் போல உகந்தது வேறில்லை. ஜூலை பிறந்தால் போதும், சில குடும்பங்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கெட்டிஸ்பர்க் பக்கம் கிளம்பிவிடும், 1863-இல் அங்கே நடந்த சண்டையை வேஷம் கட்டி இன்னொரு தடவை நடத்திவிட்டு வர. அங்கே வளரும் பிள்ளைக்குக் கைப்பேசி கிடையாது. பல்லை உடைக்கும் ஹார்ட்டாக் பிஸ்கட் உண்டு. கால்சட்டையில் ஜிப் தெரிந்தால் குலத்துக்கே இழுக்கு. பித்தளைப் பொத்தான் பழசாகத் தெரிய அதைச் சிறுநீரில் ஊறவைத்த பக்திமான்களும் உண்டு. ஆசாரம் என்றால் அது.

மரண பயமும் விட்டுப்போகிறது. எட்டு வயதுக்குள் அப்பா எட்டுத் தடவை செத்திருப்பார், பெரும்பாலும் மரநிழல் பார்த்து. “வெயில் கொளுத்துது, சீக்கிரமே செத்துடுங்க” என்று அம்மா அக்கறையாகச் சொல்லியனுப்புவாள்.

பொறுப்பில்லாதவர்கள் யாரென்றால், அந்தப் போரில் நிஜமாகவே சண்டை போட்டவர்கள்தாம். ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு, 1913-இல், இரு தரப்பிலுமாக 50,000-க்கு மேற்பட்ட கிழவர்கள் அதே ஊரில் கூடினார்கள். வந்தவர்கள் ஒழுங்காகச் சுட்டுக்கொண்டார்களா? அன்று முட்டி மோதிய கல்சுவருக்கு மேலாகக் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.