வெள்ளை ஒயர்

லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம் என்று விற்கிற மின்சார ஸ்கூட்டர் என்னுடையது. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்து நான் நகர்வதற்குள், பின்னால் நிற்கிற ஷேர் ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்து முடித்துவிடுவார். சைக்கிளில் போகிற பள்ளிக்கூடப் பையன் பக்கத்தில் வந்து, "தாத்தா, சார்ஜ் இல்லையா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டு முந்திப் போவான். அன்றைக்குத்தான் முழு சார்ஜ் போட்டிருப்பேன்.

"இதுக்கா சார் கவலைப்படுறீங்க?" என்றார் மெக்கானிக் தம்பி. சீட்டைத் தூக்கினார். கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒயர்க் கொத்துக்குள் விரலை விட்டு, வளையமாக மடங்கியிருந்த ஒரு வெள்ளை ஒயரை வெளியே இழுத்தார். நடுவில் சின்னதாக ஒரு கனெக்டர். "இதைக் கழட்டி விட்டா நாப்பது போகும்." அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து போட்ட பூட்டை நகத்தால் நெம்பினாலே திறந்துவிடலாம் போலிருந்தது.

ஆனால் சட்டம் அந்த ஒயரில்தான் தொங்குகிறது. மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே, எடை பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள் என்று இருந்தால்தான் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதை மோட்டார் வாகனமாக மதிக்காமல் விட்டுவைக்கும். (ஷேர் ஆட்டோக்காரரும் மதிப்பதில்லை, அது வேறு.) கனெக்டர் கழன்றால் பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் என்று எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். எதெல்லாம் வேண்டாம் என்று இதை வாங்கினேனோ, அதெல்லாம்.

அடுத்தது காற்று. வேகம் இரண்டு மடங்கானால், காற்றைத் தள்ள மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். 1899 ஏப்ரல் 29 அன்று, பாரிசுக்குப் பக்கத்தில், கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் மின்சாரக் காரில் மணிக்கு 105.88 கிலோமீட்டர் போனார். சாலையில் ஓடும் வண்டி நூறைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. காற்றைக் கிழிக்கட்டும் என்று காரை டார்பிடோ வடிவத்தில் செய்துவிட்டு, அதன்மேல் இடுப்புக்கு மேலே முழு ஆளும் வெளியே தெரிய அவர் உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிறது. என் ஸ்கூட்டரிலும் காற்றோடு மல்லுக்கட்டுவது வண்டி அல்ல, நான்தான். வேட்டி கட்டிய நாளில் இன்னும் மோசம்.

"அப்ப அஞ்சாவதா ஒரு பேட்டரி வச்சு 48 வோல்ட்டை 60 ஆக்கிருவமா, சார்?" வோல்ட் ஏறினால் ஹப் மோட்டார் வேகமாகச் சுற்றும், நிஜம்தான். ஆனால் 48 வோல்ட் கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் 63 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர்கள்தான் இருக்கும். முழு சார்ஜில் ஐந்து பேட்டரியும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். உச்சி புடைத்த கெப்பாசிட்டர்கள் அவர் மேஜையில் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. யார் யாருடைய லட்சியங்களோ.

"பின்சக்கரத்தைச் சுத்திப் பாருங்க, தம்பி" என்றேன். சென்டர் ஸ்டாண்டு போட்டுக் கையால் தள்ளினார். அரைச் சுற்றில் நின்றது. பிரேக் ஷூ டிரம்மை விடாமல் உரசிக்கொண்டிருந்தது. நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார், டயருக்குக் காற்று அடித்தார், பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினார். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். அதுவரை 20-ல் முக்கிக்கொண்டிருந்த முள் 25-ஐ நெருங்கியது. சட்டம் எனக்குக் கொடுத்ததையே நான் முழுசாக வாங்காமல் இருந்திருக்கிறேன்.

ஒயருக்கு 300 ரூபாய் கேட்டவர், இதற்கு ஐம்பதோடு விட்டார். பணத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெயிட்டைக் குறைச்சா இன்னும் நல்லா இழுக்கும், சார்."

"பேட்டரியையா சொல்றீங்க?"

"பேட்டரி நீங்கலா, சார்."