பவாய் போகிற மூட்டை

தாணேயில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு ஐஐடி பம்பாயில் இடம் கிடைத்தால், முதலில் பரணிலிருந்து இறங்குவது பெரிய பெட்டி. பவாய் எத்தனை தூரம்? 1853-இல் நாட்டின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தாணேவரை 34 கிலோமீட்டர் ஓடியது. ஸ்டேஷனிலிருந்து பவாய் அதில் பாதிகூட இல்லை. மூட்டையோ திருநெல்வேலிக்கே குடிபெயர்வதுபோல. தொலைதூர ரயிலின் ஸ்லீப்பரில் தலைக்கு 40 கிலோ இலவசம். மிளகாய்ப்பொடி, பருப்புப்பொடி, வடுமாங்காய், மாட்டுங்காவில் வாங்கிய அப்பளம் இவற்றுக்கே அது சரியாகிவிடும். ஜூலையில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊரில், அப்பளம் மாணவனுக்கு முன்பே நமுத்துவிடும் என்பது வேறு விஷயம். அப்பாவின் கவலை தனி: பக்கத்துத் தேசியப் பூங்காவிலிருந்து வளாகத்துக்குள் அவ்வப்போது சிறுத்தை வருமாமே, ஒரு டார்ச் போதுமா?

பையன் கேட்டது ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதை யாரும் எடுத்து வைக்கவில்லை.

"அம்மா, சனிக்கிழமை வீட்டுக்கு வந்துடுவேனே!"

"தெரியும்டா. அழுக்குத் துணி கொண்டுவரத்தான் அந்தக் காலிப் பெட்டி."