ஆகாயத்தில் ஏறிய தபால்

கேள்வி: விமானத் தபாலுக்கென்றே தனித் தபால் தலையை முதலில் வெளியிட்ட நாடு எது? அவற்றைச் சேகரிக்கச் சங்கம் வேறு எதற்கு?

பதில்: தபால் தலையில் இத்தாலி முந்திற்று, தபாலில் நாமே முந்தினோம். 1911 பிப்ரவரி 18-ஆம் தேதி, அலகாபாத் கண்காட்சி மைதானத்திலிருந்து ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஏறக்குறைய 6,500 கடிதங்களுடன் யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினாரே, உத்தியோகபூர்வமான அந்த முதல் ஆகாயத் தபாலில், சாதாரணத் தபால் தலைகளின்மேல் விசேஷ முத்திரை ஒன்று விழுந்ததேயன்றி, தனித் தபால் தலை இருக்கவில்லை. 1917-இல் துரினுக்கும் ரோமுக்கும் இடையே நடந்த பரீட்சார்த்தப் பயணத்துக்காக, இத்தாலி தன் விரைவுத் தபால் தலையின்மீது புது வாசகம் அச்சிட்டு வெளியிட்டதே முதலாவது. மறு வருஷம் அமெரிக்கா வெளியிட்ட 24 சென்ட் தபால் தலையில், நூறு கொண்ட ஒரே ஒரு தாளில் விமானம் தலைகீழாக அச்சாகிவிடவே, நேராகப் பறந்த லட்சக்கணக்கானவற்றுக்கு இல்லாத கிராக்கி அந்த நூற்றுக்கு உண்டாயிற்று! நம் தேசத்தில் 1929-இல் விமானத் தபால் தலைகள் ஆறு வந்தன.

சங்கமா? அலகாபாத் உறையைத் தண்ணீரில் ஊறவைத்துத் தபால் தலையை மட்டும் பெயர்த்தெடுக்கப் போகும் இளைஞனின் கையைப் பிடித்து நிறுத்தி, முத்திரை முழுதாய் விளங்கும் உறைக்கே மதிப்பு என்று எடுத்துரைக்க அநுபவஸ்தர் ஒருவர் வேண்டும்; அவர் அங்கேதான் அகப்படுவார்.