பெரியப்பா கம்பெனிக்குத் தம்பி மகன் எழுதுவது

மகாகனம் பொருந்திய பெரியப்பா அவர்களுக்கு,

திருநெல்வேலி ஜெராக்ஸ் மெஷின் டீலர் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. முறை சொல்லிக் கூப்பிடுவதற்குக் கோபிக்க வேண்டாம். போன டீலர் மீட்டில் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று திரை போட்டுக் காட்டியது தாங்கள்தான்.

கல்லூரி ஆர்டர் விஷயம். போர்ட்டலில் பதிந்துவிட்டால் அந்த டீலுக்குப் பாதுகாப்பு என்றீர்கள். தாளாளர் செல் நம்பர், மாதம் எத்தனை பிரதி ஓடும், போட்டிக் கம்பெனி கொடுத்த ரேட் எல்லாம் பதிந்தேன். தங்கள் கார்ப்பரேட் சேல்ஸ் பையன் அதைப் பார்த்துவிட்டு நேரே தாளாளரைப் போய்ப் பார்த்தான். 12 மெஷின். எனக்குத் தாங்கள் போடும் பில்லைவிடக் குறைந்த விலை. தம்பி மகனுக்கு வந்த ஜாதகத்தை வாங்கிப் பார்த்த பெரியப்பா, பெண்ணைத் தன் பிள்ளைக்கே முடித்துவிட்டார். குடும்பத்துக்குள்தானே!

தாளாளர் கூப்பிட்டு அந்த இன்வாய்ஸை மேஜையில் போட்டார். "இத்தனை வருசமா எங்க தலையில மொளகா அரைச்சிருக்கீங்களே, அண்ணாச்சி!" காபி கொண்டுவந்த பியூன் வெளியே போகாமல் நின்று கேட்டான்.

மறுநாள் தங்கள் ஏரியா மேனேஜர் போன். "சார், லோடு வந்துடுச்சு. அங்க நமக்கு ஆள் இல்ல. நீங்களே இறக்கி இன்ஸ்டால் பண்ணிடுங்க." மெஷினுக்கு 500 ரூபாயாம். லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாவது மாடி. என் பையன்கள் தோளில் சுமந்தார்கள். சொத்தில் பங்கில்லாத தம்பி மகன்தானே பந்தியில் வாளி தூக்க வேண்டும்.

1959-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் 914 வந்த காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் சோறு போடுவது மெஷின் இல்லை, அதில் ஓடுகிற பிரதிதான். அதையும் பிரதிக்கு இத்தனை பைசா, டோனரும் சேர்த்து என்று கல்லூரியோடு தாங்களே எழுதிக்கொண்டீர்கள். என் பங்குக்கு பேப்பர் ஜாம். சரி, அரசு அலுவலகங்களைப் பார்ப்போம் என்றால், அரசு கொள்முதல் செய்யும் ஜெம் தளத்தில் தங்கள் அனுமதி இல்லாமல் தங்கள் மெஷினை நான் விற்க வழியில்லை. கேட்டால் "பரிசீலனையில் உள்ளது".

குவார்ட்டர் முடிவில் டார்கெட் என்று போகாத மாடலை என் குடோனில் தள்ளினீர்கள். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து எடுத்த ஓ.டி. பணம் அது. தருவதாகச் சொன்ன கிரெடிட் நோட் இன்னும் வரவில்லை, வட்டி மட்டும் மாதாமாதம் போகிறது. உங்கள் பெயரே தெரியாத இந்த ஊரில் மெஷினை வேனில் ஏற்றி ஆபீஸ் ஆபீஸாக டெமோ காட்டியவன் நான். கடைசியில் ஊர் கண்ணுக்குத் திருடனும் நான். இது வியாபாரமா, வழிப்பறியா?

மன்னிக்கவும். பெரியவர்களிடம் குரலை உயர்த்தக் கூடாது.

விண்ணப்பம் ஒன்றுதான். எந்த வாடிக்கையாளர் தங்களுக்கு, யார் எங்களுக்கு என்று எழுத்தில் கொடுங்கள். நல்ல குடும்பங்களில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்த பிறகும் ஒருவர் வீட்டில் ஒருவர் காபி குடிக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகன்

பி.கு.: மூன்றாவது மாடி மெஷினில் ஃபியூசர் எரர். நாளை மறுநாள் மாடல் எக்ஸாம், கேள்வித்தாள் பாதியில் நிற்கிறது. தாளாளர் என்னைத்தான் கூப்பிட்டார். தங்கள் டோல்ஃப்ரீ நம்பரைக் கொடுத்தேன். அது 9-ஐ அழுத்தச் சொல்கிறதாம். அழுத்திக்கொண்டிருக்கிறார்.